வாஷிங் மெஷினைத் தொட்டால் சுருக்கென்கிறது. செருப்புப் போட்டுக்கொண்டால் போதுமா?

கேள்வி: எங்கள் வாஷிங் மெஷினைத் தொட்டால் சில நாட்களாகச் சுருக்கென்கிறது. செருப்புப் போட்டிருந்தால் ஒன்றும் தெரிவதில்லை. வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்றால் நன்றாகவே தெரிகிறது. மூன்று மாதம் முன்பு மெயின் போர்டில் இருந்த ஒரு பெரிய ஸ்விட்ச் அடிக்கடி விழுந்துகொண்டே இருந்தது. எலக்ட்ரீஷியன் வந்து, "இது கெட்டுப்போய்விட்டது, இது இல்லாமலேயே எல்லாம் ஓடும்" என்று அதைக் கழற்றிவிட்டு ஒயரை நேராக இணைத்துவிட்டுப் போனார். அதிலிருந்து விழுவதில்லை. இன்னொன்று, ஓவன் ஓடும்போது சமையலறையில் மீன் வாடை மாதிரி ஒன்று வருகிறது. குப்பைத் தொட்டியை இரண்டு முறை கழுவிவிட்டேன், போகவில்லை. ஓவன் பிளக்கைச் சுற்றிச் சாக்கெட் லேசாகப் பழுப்பாகியிருக்கிறது. மாமனார், "கரண்ட் என்றால் கொஞ்சம் அடிக்கத்தான் செய்யும், செருப்புப் போட்டுக்கொள்" என்கிறார். வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருக்கிறது. நான்தான் அதிகமாகப் பயப்படுகிறேனா? யாருக்காவது ஷாக் அடித்தால் என்ன செய்ய வேண்டும்?

பதில்: நீங்கள் அதிகமாகப் பயப்படவில்லை. மேலே படிப்பதற்கு முன் எழுந்துபோய் இரண்டு காரியம் செய்துவிடுங்கள். வாஷிங் மெஷினுக்குப் போகும் எம்சிபியை (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சின்ன ஸ்விட்ச்) மெயின் போர்டில் இறக்கிவிட்டு, ஈரமில்லாத கையால் அதன் பிளக்கைப் பிடுங்குங்கள். ஓவன் சாக்கெட்டுக்கும் அதே மாதிரி. எது எந்த எம்சிபி என்று தெரியாவிட்டால் மெயினையே இறக்குங்கள். இரண்டையும் சரிபார்த்து முடிக்கும்வரை மறுபடி மாட்ட வேண்டாம். துணி சேர்ந்தால் சேரட்டும்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப்போட்டது, ஸ்விட்சைக் கழற்றிவிட்டுப் போனார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான். அந்தப் பெரிய ஸ்விட்ச் அநேகமாக ஆர்சிசிபியாக இருக்க வேண்டும். அதன் ஓரத்தில் டெஸ்ட் பட்டன் என்று சின்னதாக ஒன்று இருந்திருக்கும், ஞாபகப்படுத்திப் பாருங்கள். அதன் வேலை கணக்குப்பிள்ளை வேலை. ஃபேஸ் ஒயரில் எவ்வளவு கரண்ட் வீட்டுக்குள் போகிறதோ அவ்வளவும் நியூட்ரலில் திரும்பி வர வேண்டும். போனதற்கும் வந்ததற்கும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால், எங்கோ வேறு வழியாகக் கரண்ட் ஒழுகுகிறது என்று புரிந்துகொண்டு 0.3 நொடிக்குள் துண்டித்துவிடும். ஒழுக்கு பெரிதாக இருந்தால் 0.04 நொடியிலேயே துண்டிக்கும். 30 மில்லி ஆம்பியர் என்பது ஒரு ஆம்பியரில் நூற்றுக்கு மூன்று பங்கு. அந்த ஒழுக்கு ஈரச் சுவர் வழியாகப் போகலாம், எர்த் ஒயர் வழியாகப் போகலாம், ஒரு மனிதர் வழியாகவும் போகலாம்.

அது அடிக்கடி விழுந்தது என்றால் வீட்டில் ஏதோ ஒன்று ஒழுகியிருக்கிறது. வந்தவர் அதைத் தேடவில்லை, காட்டிக்கொடுத்தவன் வாயைக் கட்டிவிட்டுப் போய்விட்டார். ஆர்சிசிபியே கெட்டுப்போகாதா என்றால், போகும். அப்படியானால் அந்த இடத்தில் வேறொன்றை மாட்ட வேண்டுமே தவிர நேராக இணைக்கக் கூடாது. அவரை ரொம்பவும் திட்ட எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் தொழிலுக்கு வந்த புதிதில் நானும் ஒரு வீட்டில் இதைச் செய்திருக்கிறேன். இரண்டு மணி நேரம் தேடியும் ஒழுக்கு அகப்படவில்லை, வீட்டில் இருந்தவர்கள் வெயிலில் ஃபேன் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். நேராக இணைத்துவிட்டு, நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்று கிளம்பினேன். போனது மூன்று நாள் கழித்து. கீசருக்குள் ஹீட்டர் காயில் விரிசல் விட்டிருந்தது. அந்த மூன்று நாளும் அந்த வீட்டுப் பிள்ளைகள் அந்தத் தண்ணீரில்தான் குளித்தார்கள். ஒன்றும் ஆகவில்லை, அது என் சாமர்த்தியத்தால் இல்லை.

உங்கள் மெஷின் சுருக்கென்பதற்குப் பெரும்பாலும் ஒரே நேரத்தில் இரண்டு பழுது இருக்கும். மெஷினுக்குள் கரண்ட் ஒழுகுவது ஒன்று: தண்ணீரைச் சூடாக்கும் காயிலோ, மோட்டாரிலோ, உரிந்த ஒயரிலோ இருக்கலாம். எர்த் சரியாக இல்லாதது இன்னொன்று. எர்த் நன்றாக இருந்தால் ஒழுகும் கரண்ட் அந்த வழியாகவே இறங்கிப் போய்விடும், உங்கள் கைக்குத் தெரியவே தெரியாது. இன்னொரு வகையும் உண்டு. பல மெஷின்களில் மின் இரைச்சலை வடிகட்டுவதற்கென்று உள்ளே கெப்பாசிட்டர்கள் வைத்திருப்பார்கள். எர்த் அறுந்துபோனால் அவற்றின் வழியாக மெஷினின் தகட்டில் மெயின் வோல்டேஜில் பாதியளவு வந்து நிற்கும். புது மெஷின்கூடச் சில வீடுகளில் சுருக்கென்பது இதனால்தான். அதில் வரும் கரண்ட் மிகக் குறைவு, சுருக்கென்பதோடு போய்விடும். ஆனால் இது அந்த ரகமா, காயில் விரிசலா என்று விரலால் தொட்டுக் கண்டுபிடிக்க எனக்கே தெரியாது. எதுவாக இருந்தாலும் உங்கள் எர்த் பலவீனம் என்பது மட்டும் உறுதி.

எம்சிபி இருக்கிறதே, அது காப்பாற்றாதா என்று நிறையப் பேர் கேட்பார்கள். எம்சிபி ஒயரைக் காப்பாற்றுகிற சாதனம், ஆளைக் காப்பாற்ற அது செய்யப்படவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். மெயின் 230 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் எர்த் குழி காய்ந்து, தரைக்குப் போகும் பாதையின் தடை 100 ஓம் ஆகியிருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஃபேஸ் ஒயர் உரிந்து மெஷின் தகட்டில் நேராகவே பட்டுவிட்டால்கூட எர்த்தில் ஓடுவது 2.3 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது ஒரு சின்ன அடுப்பு ஓடுகிற மாதிரி, அசையவே அசையாது. மெஷினின் தகடு கிட்டத்தட்ட முழு வோல்டேஜில் நாள் முழுக்க நின்றுகொண்டிருக்கும். ஆர்சிசிபி இருந்தால் அதே 2.3 ஆம்பியரில் கண் இமைப்பதற்குள் விழுந்திருக்கும்.

மாமனாரிடம் செருப்பு விஷயத்தை இப்படிச் சொல்லிப் பாருங்கள். செருப்பு காலுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு தடை, அது உண்மை. ஒரு கையை மெஷின் மேல் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் பக்கத்தில் இருக்கும் இரும்புக் குழாயைத் திறந்தால், செருப்புக்கு அங்கே வேலையே இல்லை. கரண்ட் ஒரு கையில் ஏறி, நெஞ்சைக் கடந்து, மறு கையில் இறங்கிவிடும். வாஷிங் மெஷின் பக்கத்தில் குழாய் இல்லாத வீடு எது? அப்புறம் ஈரம். காய்ந்த தோலுக்கு நல்ல தடை உண்டு. கையும் காலும் நனைந்துவிட்டால் உடம்பின் தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். தகட்டில் 230 வோல்ட் நின்றால் 230 மில்லி ஆம்பியர் உடம்பில் ஓடும். நேற்றுச் சுருக்கென்ற மெஷினும் நாளைக்கு ஆளைச் சாய்க்கும் மெஷினும் ஒன்றாகவே இருக்கலாம், தரையின் ஈரம் மட்டும் மாறினால் போதும். நான்கு வயதுக் குழந்தை செருப்பை மாட்டிக்கொண்டா மெஷினைத் தொடப்போகிறது?

எவ்வளவு கரண்ட் என்ன செய்யும் என்பதை அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல் ஆட்களை வைத்தே அளந்து பார்த்தார். ஒரு மில்லி ஆம்பியர் அளவில் சுருக்கென்று தெரியும். கம்பியைப் பிடித்த கையை விட முடியாமல் போகும் அளவு, ஆண்களுக்குச் சராசரி 16, பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர் என்று கண்டார். கரண்ட் ஆளை இழுத்துக்கொண்டது என்கிறோமே, இழுப்பது கரண்ட் இல்லை. விரல்களை மடக்குகிற தசை, விரிக்கிற தசையைவிடப் பலமானது. எல்லாத் தசையும் ஒரே நேரத்தில் இறுகும்போது மடக்குகிறது ஜெயித்துவிடும், கை தானாகவே கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இன்னும் கூடினால் மூச்சு நின்றுபோகும். 50, 100 மில்லி ஆம்பியர் நெஞ்சு வழியாக ஓடினால் இதயம் ஒழுங்காகத் துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்க ஆரம்பித்துவிடும். இவற்றை அளந்த டால்சீலே 1961இல், ஒழுக்கைக் கண்டு வீட்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி ஒன்றையும் உருவாக்கினார். உங்கள் போர்டிலிருந்து கழற்றப்பட்டது அந்த வம்சத்தைச் சேர்ந்ததுதான்.

இனி எலக்ட்ரீஷியனை வரவழைக்கும்போது என்ன கேட்க வேண்டும் என்று சொல்கிறேன். வேறொருவரை, உரிமம் உள்ளவரை அழையுங்கள். முதல் வேலை ஆர்சிசிபியைத் திரும்ப மாட்டுவது, 30 மில்லி ஆம்பியர் ரகம். 100, 300 என்று எழுதியிருப்பவை தீப்பிடிக்காமல் இருப்பதற்கானவை, ஆளுக்கு ஆகாது. அடுத்தது எர்த்தைக் கருவி வைத்து அளப்பது. டெஸ்டர் ஸ்குரூடிரைவரைச் செருகி, எர்த் இருக்கிறது என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதன் விளக்கு எரிய மில்லி ஆம்பியரில் ஒரு சின்னத் துளி போதும். அது எரிவதை வைத்தோ எரியாததை வைத்தோ எர்த்தின் பலத்தைச் சொல்ல முடியாது. மூன்றாவது, மெஷினையும் வயரிங்கையும் மெகர் வைத்துப் பார்ப்பது. 500 வோல்ட் கொடுத்து இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி அது. ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் அந்த லைனை ஓடவிடக் கூடாது.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருங்கள். எர்த் இல்லாத சாக்கெட்டில் நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை எடுத்து எர்த் முனையில் மாட்டிவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. உடனே சுருக்கென்பது நின்றுவிடும், எல்லாருக்கும் சந்தோஷம். என்றைக்காவது அந்த நியூட்ரல் லூஸாகியோ அறுந்தோ போனால், மெஷினுக்குள் பழுதே இல்லாமல் அதன் தகட்டில் முழு 230 வோல்ட் வந்து நிற்கும். எர்த் ஒயரைக் குடிநீர்க் குழாயில் கட்டுவதும் இதே ரகம்தான், பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்து ஆபத்து.

ஆர்சிசிபி திரும்ப வந்ததும் விழ ஆரம்பிக்கலாம். அப்போது எல்லா எம்சிபியையும் இறக்கி, எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஸ்விட்சை அணைத்துவைத்தால் போதாதா என்றால், போதாது. சாதாரண ஸ்விட்ச் ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரல் பக்கம் ஒழுக்கு இருந்தால் ஸ்விட்சை அணைத்த பொருளும் ஆர்சிசிபியைத் தள்ளிவிடும். தேடித் தேடிக் கிடைக்காமல் போவது பெரும்பாலும் இதனால்தான், அன்றைக்கு நான் கோட்டை விட்டதும் இங்கேதான். மாதம் ஒரு முறை அந்த டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். பட்டென்று விழ வேண்டும். விழாவிட்டால் அது சுவரில் மாட்டிய பொம்மை.

இப்போது மீன் வாடை. இது முற்றிலும் வேறு நோய், இதற்கு ஆர்சிசிபியும் உதவாது, எம்சிபியும் உதவாது. சாக்கெட், ஸ்விட்ச் செய்யும் சில பிளாஸ்டிக்குகள் அளவுக்கு மீறிச் சூடாகும்போது வருகிற வாடை அது. குப்பைத் தொட்டிமேல் பழி விழுவது வழக்கம்தான். என்ன நடக்கிறது என்றால், பிளக்கின் கால் சாக்கெட்டுக்குள் இறுக்கமாக உட்காரவில்லை, அல்லது உள்ளே ஸ்குரூ தளர்ந்திருக்கிறது. தொட்டும் தொடாமலும் இருக்கிற அந்த இடத்தில் அரை ஓம் தடை உண்டானால் போதும். 2,300 வாட் ஓவன் 10 ஆம்பியர் இழுக்கும். பத்தைப் பத்தால் பெருக்கி அரையால் பெருக்கினால் 50 வாட். ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அப்படி இரண்டை உங்கள் சுவருக்குள் சொருகிவைத்து, ஓவன் ஓடும் நேரமெல்லாம் சூடேற்றிக்கொண்டிருக்கிறீர்கள். சூடு ஏற ஏற உலோகம் கறுக்கும், பிடிப்பு இன்னும் தளரும், தடை இன்னும் கூடும். எம்சிபி பார்வையில் ஓடுவது அதே 10 ஆம்பியர், குறை ஒன்றும் இல்லை. ஒழுக்கும் இல்லை, அதனால் ஆர்சிசிபிக்கும் தெரியாது. உங்கள் மூக்குக்குத்தான் தெரிந்திருக்கிறது.

இப்படி வாடை வரும்போது சூடான பிளக்கை நேராகப் போய்ப் பிடுங்காதீர்கள். எம்சிபியை இறக்கி, ஆறவிட்டு, அப்புறம் தொடுங்கள். சரிசெய்யும்போது சாக்கெட்டை மட்டும் மாற்றினால் பாதி வேலைதான். பழுப்பேறிய பிளக்கையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அது புதுச் சாக்கெட்டையும் கெடுத்துவிடும். கறுத்துப்போன ஒயர் முனையைப் பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். ஒயர் முனையில் ஈயம் பற்றவைத்து ஸ்குரூவில் முடுக்குவதைச் சிலர் நல்ல வேலை என்று நினைக்கிறார்கள். ஈயம் மெதுவாக நசுங்கிக்கொண்டே போகும், ஒரு வருடத்தில் ஸ்குரூ மறுபடி தளர்ந்துவிடும். பின்னிய செம்பு இழைக்கு லக் என்னும் உலோக முனையைப் போட்டு அழுத்துவதுதான் சரி.

சாக்கெட்டிலிருந்து வரும் சடசடச் சத்தம், தொட்டால் சூடான ஸ்விட்ச், கனமான பொருளைப் போட்டதும் ஒரே ஒரு அறையில் மினுக்கும் விளக்கு, எல்லாம் இந்தத் தளர்ச்சி வகைதான். ஓவன், அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் மூன்றையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டவே மாட்டாதீர்கள், சுவரில் நேராக மாட்டுங்கள். சுருட்டிவைத்த ஒயரில் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். ஆனால் வீட்டில் சில விளக்குகள் திடீரென்று பளிச்சென்று எரிந்து, சில மங்கினால், அது லூஸ் கான்டாக்டில் கடைசிப் படி: மெயின் நியூட்ரல் கழன்றுகொண்டிருக்கிறது. யோசிக்காமல் மெயினை இறக்கிவிட்டு மின் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். தாமதித்தால் டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் புகைந்துவிடும்.

குழந்தைக்காக ஒரே ஒரு விஷயம். மூன்று கால் பிளக்கில் எர்த் கால் மட்டும் நீளமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதுதான் முதலில் உள்ளே போய்ச் சாக்கெட்டின் மூடியைத் திறக்கும், கழற்றும்போது கடைசியாக வெளியே வரும். எர்த் ஓட்டையில் பேனாவை விட்டு நெம்பி, இரண்டு கால் பிளக்கைச் சொருகும் பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். குழந்தைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியாக, ஷாக் அடித்தவரைக் காப்பாற்றுவது. உங்களுக்கு வரும் முதல் உந்துதல் அவரைப் பிடித்து இழுப்பதாகத்தான் இருக்கும், அதைத்தான் செய்யக் கூடாது. அவரைத் தொட்டால் நீங்களும் அதே கம்பியைத் தொட்ட மாதிரி. ஓடிப்போய் மெயினை இறக்குங்கள். இதற்காகவே மெயின் எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லாருக்கும், மாமனாருக்கும் சேர்த்து, இன்றைக்கே காட்டிவையுங்கள். அதன் முன்னால் அலமாரி, அட்டைப்பெட்டி எதுவும் இருக்கக் கூடாது. மெயினை எட்டவே முடியாவிட்டால் காய்ந்த பலகை மேலோ தடித்த காகிதக் கட்டின் மேலோ நின்றுகொண்டு, காய்ந்த மரக் கட்டையாலோ பிளாஸ்டிக் தடியாலோ கம்பியை அவரிடமிருந்து தள்ளுங்கள். இது வீட்டு மின்சாரத்துக்கு மட்டும். தெருவில் அறுந்து விழுந்த கம்பிக்குக் கட்டையோடு போகக் கூடாது, பத்து மீட்டர் தள்ளியே நில்லுங்கள்.

கரண்ட் போன பிறகு ஆளைத் தொடலாம். கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சும் இல்லை அல்லது விட்டுவிட்டு ஏங்குகிற மாதிரி இருக்கிறது என்றால், ஒருவர் ஆம்புலன்ஸை அழைக்க, இன்னொருவர் உடனே நெஞ்சை அழுத்த ஆரம்பிக்க வேண்டும். மார்பின் நடு எலும்பில் உள்ளங்கை அடியை வைத்து, பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. வாயில் ஊதப் பழகியிருந்தால் 30 அழுத்தத்துக்கு இரண்டு ஊதல், பழகாவிட்டால் அழுத்திக்கொண்டே இருங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்த வேண்டாம். எங்கள் தொழில்காரர்களுக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு: வெளியிலிருந்தே நெஞ்சை அழுத்தும் இந்த முறையை 1960இல் உலகுக்குச் சொன்ன மூவரில் வில்லியம் கூவன்ஹோவன் என்பவர் மருத்துவர் இல்லை, எலக்ட்ரிக்கல் இன்ஜினியர். கம்பியில் வேலை செய்து ஷாக் அடித்துச் சாகும் தொழிலாளர்களைப் பிழைக்கவைக்க வேண்டும் என்றுதான் அவர் ஆராய்ச்சியில் இறங்கினார்.

ஆள் எழுந்து உட்கார்ந்து, ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன் என்றாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். கொஞ்ச நேரம் மயங்கியிருந்தால், ஒரு கையிலிருந்து மறு கைக்குக் கரண்ட் போயிருந்தால், நனைந்திருந்தபோது அடித்திருந்தால், கர்ப்பிணியாக இருந்தால், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். தோலில் தெரியும் புண் மிளகளவு இருக்கும், உள்ளே தசை வெந்திருக்கும். தோல் வெந்த இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டலாம், வேறு எதையும் தடவ வேண்டாம். சாக்கெட்டில் தீப்பிடித்தால் மெயினை இறக்கும்வரை தண்ணீர் ஊற்றாதீர்கள். கார்பன் டை ஆக்சைடு அல்லது உலர் பொடித் தீயணைப்பான் இருந்தால் சின்னத் தீயை அணைக்கலாம். திரைச்சீலை வரை ஏறிவிட்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

எர்த்தைச் சரிசெய்து, ஆர்சிசிபியை மாட்டி, மெகர் அளவும் சரி என்று சொன்ன பிறகு மெஷினை ஓட்டிப் பாருங்கள். மறுபடி விழுந்தால், துவைப்பதில் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று குறித்து எனக்கு எழுதுங்கள். தண்ணீர் ஏறும்போதா, சூடாகும்போதா, வேகமாகச் சுற்றும்போதா என்பது தெரிந்தால், வால்வா, காயிலா, மோட்டாரா என்று எங்கே தேடத் தொடங்க வேண்டும் என்பதைக் கடிதத்திலேயே சொல்லிவிடலாம்.